அமிலமும் வெப்பமும் சந்திக்கும் இடம்: மீத்தேனுண்ணி பாக்டீரியாவும் கோலார் மேடுகளும்

பாலகாட்காரர்களுக்கு வெப்பமும் தெரியும், அமிலமும் தெரியும். கோலார் தங்க வயலின் வடபகுதியில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் எந்த லைன் வீட்டில் கேட்டாலும் அப்பாவோ தாத்தாவோ ‘அண்டர்கிரவுண்ட்’ வேலை பார்த்த கதை ஒன்று கிடைக்கும். சேம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பாவிட்டால் அங்கே ஆள் நின்று வேலை பார்த்திருக்க முடியாது. மேலே வந்தால் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய நைசான மண், 3 கோடி டன்னுக்கு மேல், 13 மேடுகளாக நிற்கிறது. ஆடிக் காற்றில் அது வீட்டுக்குள் வரும், சோற்றுத் தட்டிலும் விழும். அந்த மண்ணில் கலந்திருக்கும் கந்தகக் கனிமங்கள் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமாகும். மேட்டில் மழை அறுத்த ஓடைகளின் ஓரமாக நடந்தால் சாம்பல் மண்ணுக்கு நடுவே துருநிறத்திலும் மஞ்சளிலும் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்த இடங்களில் புல் ஒட்டுவதில்லை.

வெப்பத்தையும் அமிலத்தையும் ஒருசேரத் தாங்கி, மீத்தேன் வாயுவையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் உண்டு என்பது 2007-இல் உலகுக்குத் தெரியவந்தது. அவை கிடைத்தது நியூசிலாந்து, இத்தாலி, ரஷ்யாவின் கம்சட்கா ஆகிய எரிமலை நிலங்களில். நம் நாட்டில் அவை இருக்க இடமுண்டா, குறிப்பாகக் கோலார் மாதிரியான ஒரு பழைய சுரங்க நிலத்தில் தேடினால் கிடைக்குமா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இதுவரை தெரிந்ததைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெப்பமும் அமிலமும் இருந்தால் மட்டும் போதாது. மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்து நான்கும் ஒரே பிடி மண்ணில் கூட வேண்டும். கோலாரில் நான்கும் உண்டு, ஆனால் அவை கூடுவதில்லை.

மீத்தேனுண்ணிகள் என்ற இனமே நமக்குப் புதிதல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சோன்கன் என்ற ஆய்வாளர் 1906-இலேயே மீத்தேனைத் தின்று வளரும் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார். 1970-இல் பிரிட்டனின் விட்டன்பரியும் சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்தெடுத்து, இந்தத் துறைக்கு ஒரு அடித்தளம் போட்டார்கள். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது சேற்றுக்கடியில் மீத்தேன் உண்டாகிறது. அது மேலே வரும் வழியில் நெல்வேரைச் சுற்றியுள்ள மெல்லிய ஆக்சிஜன் படலத்தில் இந்த பாக்டீரியாக்கள் காத்திருந்து ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. புனேவின் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் மோனாலி ரஹால்கரின் குழு இந்திய நெல்வயலிலிருந்தே மெத்தைலோகுக்குமிஸ் என்ற புதிய பேரினத்தை அடையாளம் கண்டது. ஆக, நம் காலடிச் சேற்றிலேயே இவை இருக்கின்றன. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால், அதைத் தின்னும் எந்த உயிரும் இப்போது கவனத்துக்குரியது.

மீத்தேன் எளிதில் உடையாத மூலக்கூறு. கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு அத்தனை இறுக்கம். அதை உடைக்க இவற்றிடம் செம்பை மையமாகக் கொண்ட ஒரு நொதி இருக்கிறது. ஆக்சிஜனின் உதவியோடு மீத்தேனை மெத்தனாலாக மாற்றுவது முதல் படி. பிறகு மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மேட்டாகவும் மாறி, கடைசியில் கரியமில வாயுவாகிறது. இந்தப் பாதையில் வெளிப்படும் ஆற்றலில்தான் பாக்டீரியா உயிர் வாழ்கிறது.

2007 வரை தெரிந்திருந்த காற்றுவாழ் மீத்தேனுண்ணிகள் அனைத்தும் புரோட்டியோபாக்டீரியா என்ற ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. அமிலத்தைத் தாங்குபவை சில இருந்தன. ரஷ்ய ஆய்வாளர் ஸ்வெட்லானா டெடிஷின் குழு குளிர்ப் பிரதேசத்துப் பாசிச் சதுப்புகளிலிருந்து மெத்தைலோசெல்லா, மெத்தைலோகாப்சா ஆகியவற்றை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தெடுத்தது. ஆனால் அவற்றின் தாங்குதிறன், அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 4 அளவோடு நின்றுவிடும். வெப்பத்தைத் தாங்குபவையும் இருந்தன. ஜப்பானிய வெந்நீர் ஊற்றிலிருந்து 2005-இல் விவரிக்கப்பட்ட மெத்தைலோதெர்மஸ் ஓர் உதாரணம். அது அமிலத்தில் வாழாது. ஒன்று அமிலம், இல்லையேல் வெப்பம். இரண்டையும் சேர்த்துத் தாங்கும் உயிர் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பதே பாடப்புத்தக நிலவரம்.

நேப்பிள்ஸ் நகரத்தை ஒட்டி பொட்சுவோலி என்ற ஊரில் சோல்ஃபடாரா என்றொரு எரிமலை வாய் இருக்கிறது. தரையிலிருந்து கந்தக ஆவி பீச்சிக்கொண்டேயிருக்கும், நடுவில் சாம்பல்நிறச் சேறு கொப்பளித்துக்கொண்டிருக்கும். அங்கே கீழிருந்து வரும் மீத்தேனில் ஒரு பகுதி மண்ணிலேயே காணாமல் போவதை 2005 வாக்கில் புவிவேதியியலாளர்கள் அளந்து சொன்னார்கள். யாரோ தின்கிறார்கள், யாரென்று தெரியவில்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் ஆர்யன் போல், ஹூப் ஓப் டென் காம்ப் ஆகியோரின் குழு அந்த மண்ணை எடுத்துப்போய், மூடிய குப்பியில் மீத்தேனும் காற்றும் அடைத்து வளர்த்தது. கிடைத்த பாக்டீரியாவின் பெயர் சோல்வி. பி.எச். 0.8 வரை அது மீத்தேனைத் தின்றது. பி.எச். கணக்கில் 7 நடுநிலை, ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும். நம் எலுமிச்சைச் சாறே 2-ஐ ஒட்டித்தான் நிற்கிறது என்றால் 0.8 எத்தனை கடுமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வேளையில் பீட்டர் டன்ஃபீல்டின் குழு நியூசிலாந்தின் ரோட்டோருவா அருகே டிக்கிட்டெரே என்ற இடத்தில், ஆங்கிலேயர் ‘நரக வாசல்’ என்று பெயர் வைத்த வெப்பநிலத்தில், இன்னொன்றைக் கண்டுபிடித்தது. 60 பாகை வெப்பத்திலும் 2 முதல் 2.5 வரையான பி.எச்-இலும் அது செழித்து வளர்ந்தது. இரண்டு ஆய்வுகளும் 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தன. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகக் குழு கம்சட்காவின் அமில வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த மூன்றாவது வகை 2008-இல் வெளியானது. ஒருவரையொருவர் எதிர்பாராமல் மூன்று நாட்டார் மூன்று கண்டத்து மண்ணிலிருந்து ஒரே குடும்பத்தைத் தோண்டியெடுத்தார்கள். பெயர் வைப்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. கடைசியில் மூவரும் கூடிப் பேசி மெத்தைலாசிடிஃபிலம் என்ற பொதுப்பெயருக்கு வந்தார்கள். நியூசிலாந்து வகையின் முழு மரபணுவரிசையை 2008-இல் படித்த ஹவாய்க் குழுவை நடத்தியவர் மக்சூதுல் ஆலம் என்ற வங்கதேச விஞ்ஞானி. பின்னாளில் சணல் செடியின் மரபணுவரிசையைப் படித்துத் தன் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானவரும் அவர்தான்.

இந்தக் குடும்பம் புரோட்டியோபாக்டீரியாவே அல்ல, வெருக்கோமைக்ரோபியா என்ற வேறொரு பெருங்கிளை. அப்படியானால் இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? மண்ணில் மீத்தேனுண்ணி இருக்கிறதா என்று பார்க்க, அந்தச் செம்பு நொதிக்கான மரபணுவைத் தேடிப் பெருக்கும் முறையே வழக்கம். தேடுவதற்கான தொடக்கத் துண்டுகளைத் தெரிந்த பாக்டீரியாக்களின் மரபணுவை வைத்துத்தான் தயாரித்தார்கள். புதிய குடும்பத்தின் மரபணு அவற்றோடு பொருந்தவில்லை, அதனால் சோதனை ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இந்திய மண்ணில் இதுவரை நடந்த ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய துண்டுகளை வைத்துத் தேடி ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்த ‘இல்லை’க்கு மதிப்புக் குறைவு.

இவற்றின் வாழ்க்கைமுறையும் விசித்திரம். மற்ற மீத்தேனுண்ணிகள் பெரும்பாலும் மீத்தேனிலிருந்தே உடம்பு கட்டும் கரியையும் எடுத்துக்கொள்ளும். இவை மீத்தேனை எரித்து ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு, உடம்பு கட்டக் கரியமில வாயுவை, செடிகொடிகள் பயன்படுத்தும் அதே கால்வின் சுழற்சி வழியாக, இழுத்துக்கொள்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனையும் சிலவற்றால் பிடித்துக்கொள்ள முடியும். 2017-இல் வந்த ஆய்வுகள் இவை ஹைட்ரஜனையும் எரிபொருளாகக் கொள்ளும் என்று காட்டின. 2023-இல் ஹைட்ரஜன் சல்ஃபைடையும், அதாவது அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான வாயுவையும், பயன்படுத்துவது தெரியவந்தது. எரிமலைப் பிளவிலிருந்து என்னென்ன வாயு வருகிறதோ அத்தனையிலும் பிழைக்கத் தெரிந்த குடும்பம் இது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நைமேகன் கூடத்தில் நடந்த ஒரு சங்கதி. சோல்வி பாக்டீரியாவைச் செயற்கை ஊட்டநீரில் வளர்க்கப் பார்த்தார்கள்; சரியாக வளரவில்லை. சோல்ஃபடாராவின் சேற்றுக்குட்டையிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் கலந்தால் மட்டும் வளர்ந்தது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? வைட்டமின், வழக்கமான உலோகங்கள் என்று பொதுவாகச் சேர்ப்பவை எவையும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அகப்பட்டது அருமண் உலோகங்கள்: லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம். மெத்தனாலை அடுத்த படிக்கு மாற்றும் நொதியின் மையத்தில் கால்சியத்துக்குப் பதிலாக இந்த உலோகங்களில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 2014-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு முன், அருமண் உலோகங்களுக்கும் உயிருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். பாறையில் அருமண் எங்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் நீரில் கரையாது. கடும் அமிலம் அதைக் கரைத்துத் தருகிறது. ஆகவே அமிலம் இந்தப் பாக்டீரியாவுக்குத் தாங்கிக்கொள்ள வேண்டிய தொல்லை மட்டுமல்ல, தேவையான உலோகத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் வழியும்கூட. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலில் மோனசைட்டாகக் கிடந்து, மத்திய அரசு நிறுவனம் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பதும் இதே சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இந்தியாவில் வெந்நீர் ஊற்றுகளுக்குக் குறைவில்லை. இமயத்தில் மணிகரன், லடாக்கில் பூகா, சத்தீஸ்கரில் தாத்தாபானி, வங்காளத்தில் பக்ரேஸ்வர் என முந்நூறுக்கும் மேல் உண்டு. இலங்கையில் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகள் தமிழர் எல்லாரும் அறிந்தவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் நீர் நடுநிலையிலோ காரத்தன்மையிலோதான் இருக்கும். மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மேலே வருகிறது, அவ்வளவே. அடியில் கொதிக்கும் பாறைக்குழம்பிலிருந்து கந்தக வாயு பீச்சியடித்தால்தான், அது தரைமட்டத்தில் காற்றைச் சந்தித்துக் கந்தக அமிலமாகி, வெப்பமும் அமிலமும் ஒரே இடத்தில் சேரும். டன்ஃபீல்டின் குழு நியூசிலாந்திலும் கனடாவிலும் பல வெப்பநிலங்களை ஒப்பிட்டு 2014-இல் எழுதியதும் இதை உறுதிப்படுத்துகிறது: வெருக்கோமைக்ரோபியா மீத்தேனுண்ணிகள் அமில நிலங்களில்தான் அகப்பட்டன, நடுநிலை ஊற்றுகளில் அல்ல. மத்தியப் பிரதேசத்து அன்ஹோனி ஊற்றையும் தாத்தாபானியையும் போபாலின் ஐசர் நிறுவனத்தார் மரபணு வழியாக ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டபோது, ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கான தடயங்கள் கிடைத்தன. ஊக்கம் தரும் செய்திதான். ஆனால் அங்கே அமிலம் இல்லை.

பெருநிலத்தில் எரிமலை இல்லை, அந்தமானில் உண்டு. பாரன் தீவு 1991-இல் நீண்ட உறக்கம் கலைந்து வெடித்து, அதன்பின் விட்டுவிட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது. அதன் கூம்பில் ஆவித்துளைகளும் கந்தகப் படிவும் உண்டு. வெப்பம், அமிலம், காற்று மூன்றும் அங்கே கூடுகின்றன. மீத்தேன் எவ்வளவு வருகிறது என்பதை அளந்தால் கணக்கு முடிந்துவிடும். அதே அந்தமானில் பாரடாங்கின் சேற்றெரிமலைகளில் மீத்தேன் கொப்பளிக்கிறது, ஆனால் அந்தச் சேறு குளிர்ந்தது. இந்தியாவில் ஒரே ஓர் இடத்தில்தான் தேடலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் பாரன் தீவைச் சொல்வேன்.

நிலக்கரி வயல்களும் யோசிக்க வேண்டியவை. ஜாரியாவில் 1916-லிருந்து பூமிக்கடியில் நெருப்பு எரிகிறது, மீத்தேனும் தாராளம், ஆனால் அந்த நிலக்கரியில் கந்தகம் குறைவு. அசாமின் மாகும் வயலிலும் மேகாலயாவின் ஜைந்தியா மலையிலும் கந்தகம் அதிகம், சுரங்க நீர் ஆறுகளையே அமிலமாக்கிவிட்டது, ஆனால் வெப்பம் இல்லை. கந்தகம் மிகுந்த நிலக்கரி புகைந்துகொண்டிருக்கும் ஒரு பிளவு அகப்பட்டால் நான்கும் சேர்ந்துவிடும்.

கோலார் எங்கே நிற்கிறது? ஆழத்தில் வெப்பம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்கள் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல பாடம். மபோனெங் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், 60 பாகை வெப்ப நீரில், டீசல்ஃபோரூடிஸ் அவுடாக்ஸ்வியேட்டர் என்ற ஒரே பாக்டீரியா ஏறக்குறையத் தன்னந்தனியாக வாழ்வது 2008-இல் தெரியவந்தது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்க, அதிலிருந்து வரும் ஹைட்ரஜனே அதற்கு ஆற்றல். ஆனால் அந்த நீரின் பி.எச். 9-க்கு மேல். ஆழத்துப் பாறைநீர் பெரும்பாலும் இப்படிக் காரமாகவே இருக்கும், ஆக்சிஜனும் இராது. கந்தகக் கனிமத்தை அமிலமாக்குவதே ஆக்சிஜன்தான். அதனால் சுரங்க நிலத்தில் வெப்பம் கீழேயும் அமிலம் மேலேயும் தங்கிவிடுகின்றன. கோலாரில் இவற்றுக்கு நடுவே 3 கிலோமீட்டர் பாறை. எரிமலை செய்கிற காரியத்தைத் தங்கச் சுரங்கம் செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே பூமிக்கடியில் இயற்பியலாளர்கள் பல்லாண்டு வேலை பார்த்தார்கள். வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் 1965-இல் இங்கே பதிவானது. டாடா ஆய்வு நிறுவனத்தின் பெயரோடு இந்த ஊர்ப் பெயரும் உலகப் பாடப்புத்தகங்களில் ஏறியது. இயற்பியல் இறங்கிய அளவுக்கு இங்கே உயிரியல் இறங்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறியது. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 3 கிலோமீட்டர் துளையிட்டபோது கரக்பூர் ஐஐடியின் பினாகி சாரின் குழு அந்தப் பாறையில் உள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்தது. கோலாரில் அந்த ஆழத்துக்கு வழி தயாராகவே இருந்தது, சுரங்கத்துக் கேஜில் (கூண்டுத் தூக்கியில்) ஏறினால் போய்விடலாம். அந்த வாய்ப்பைக் கைநழுவவிட்டோம் என்பதே என் வருத்தம்.

மேட்டுக்கு வருவோம். கந்தகமும் இரும்பும் தின்னும் அமிலவாழ் பாக்டீரியாக்களைப் பற்றிக் கர்நாடகத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே.ஏ. நடராஜனின் குழு அவற்றைக் கொண்டு தங்கத் தாதுவைப் பதப்படுத்தும் முறையை வளர்த்து, ஹட்டி தங்கச் சுரங்கத்தில் சோதனை உலை வரைக்கும் கொண்டுபோனது. ஆகவே சயனைடு மேட்டு அமிலத்தில் உயிர் இருக்குமா என்பது கேள்வியல்ல. மேட்டில் மீத்தேன் இல்லை என்பதுதான் சிக்கல். வெறும் கல்மாவில் அழுகுவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் மேட்டின் காலடியைப் பாருங்கள். மழைக்காலத்தில் மேட்டிலிருந்து கசியும் அமில நீர் தாழ்வான குட்டைக்கும் ஏரி ஓரத்துக்கும் போகிறது. அங்கே கோரையும் நாணலும் குப்பையும் அழுகும் கறுப்புச் சேறு, அதில் மீத்தேன். வெயில் ஏறினால் அந்தக் கசிவுநீர் நன்றாகவே சூடாகும், 60 பாகை அளவுக்கல்ல. இந்தக் குடும்பத்திலேயே மிதமான வெப்பத்தில் வாழும் கிளையொன்று உண்டு, மெத்தைலாசிடிமைக்ரோபியம். சோல்ஃபடாராவின் சூடு குறைந்த மண்ணிலிருந்து நைமேகன் குழுவே 2014-இல் அதைப் பிரித்தது. அதன் ஒரு வகை பி.எச். 0.5-இலும் மீத்தேனைத் தின்றது. கோலாரில் தேடினால் அகப்படக்கூடியது நரக வாசல் பாக்டீரியா அல்ல, அதன் இந்த ஒன்றுவிட்ட உறவு. தேட வேண்டிய இடமும் 3 கிலோமீட்டர் ஆழம் அல்ல, மேட்டடிச் சேறு.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மீத்தேனை பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் புரதத்தீவனம் தயாரிப்பது இப்போது தொழிலாகவே வந்துவிட்டது. எழில் சுப்பியனும் வினோத் குமாரும் 2013-இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்ட்ரிங் பயோ அப்படிப்பட்ட நிறுவனம். இத்தகைய உலைகளில் பெரிய தலைவலி வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்துவிடுவது. 60 பாகை வெப்பமும் கடும் அமிலமும் உள்ள உலையில் வேறெதுவும் எளிதில் முளைக்காது. அந்த வகையில் இந்தக் குடும்பத்துக்குத் தொழில் மதிப்பு இருக்கிறது. அருமண் உலோகங்களைப் பிடித்தெடுக்க இவற்றின் நொதிகள் உதவலாம் என்ற பேச்சும் உண்டு. ஆனால் ‘புவி வெப்பமாதலைத் தடுக்கும் பாக்டீரியா’ என்று அவ்வப்போது வரும் தலைப்புகளை நம்ப வேண்டாம். எரிமலைப் பிளவுகளில் கசியும் மீத்தேன், நெல்வயலும் கால்நடையும் நிலக்கரியும் எரிவாயுக் குழாய்களும் வெளிவிடுவதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, இந்த 13 மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1,003 ஏக்கர் நிலம். வேலை வந்தால் ஊருக்கு நல்லது, தூசி ஒழிந்தால் அதைவிட நல்லது. அதை எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேடு கலைந்தால் அதன் அடிக்கசிவும் மாறிவிடும் என்பதால் பெங்களூரிலும் கோலாரிலும் உள்ள நுண்ணுயிரியல் துறையினரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மண் அள்ளும் இயந்திரம் வருமுன், ஒரு மழைக்காலத்திலும் ஒரு கோடையிலும் மேட்டடிச் சேற்றில் மாதிரி எடுங்கள். பி.எச்., வெப்பம், மீத்தேன் மூன்றையும் எடுத்த இடத்திலேயே அளந்துகொள்ளுங்கள். மரபணுத் தேடலுக்கு வெருக்கோமைக்ரோபியாவையும் பிடிக்கக்கூடிய தொடக்கத் துண்டுகளையே பயன்படுத்துங்கள். செலவு அதிகமில்லை, பெங்களூரிலிருந்து பங்காரப்பேட்டை வழியாக இரயிலிலேயே வந்து போகலாம்.